பழைய ஃபில்டர கையில வாங்கிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நானும் ஆசிரியர்தான், ஆனா பத்திரிகைக்கு இல்ல, பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்து பாடசாலையில கணக்கு படிச்சுக் குடுக்கிறேன். ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஓட்டை வாகனங்கள மலை ரோட்டுல ஓட்டிட்டு வந்து வளைவுல நிறுத்தி வச்சு மத்தவங்கள சாகடிக்கிறாங்க, இவங்களுக்கெல்லாம் அபராதம் போடணும்னு. வாசிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா அதுக்கு கொஞ்ச நாளைக்கு முந்திதான் நானே ஒரு வளைவுக்கு பக்கத்துல கார நிறுத்திக்கிட்டு, பின்னால மரக்கிளைய ஒடிச்சு போட்டுட்டு, வர்ற போற லொறிக்காரங்க எல்லாம் ஹோன் அடிச்சு முறைச்சுப் பாக்க தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஒருவேள அவரும் அந்த வழியா போயிருப்பாரோ என்னவோ. அவர் சொன்னதுல பாதி சரி. மிச்ச பாதிக்குத்தான் இந்த கடிதம்.

என்கிட்ட இருக்கிறது 2004ம் ஆண்டு கொரோலா 121. பழசுதான், இல்லன்னு சொல்லல. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனிப்பட்ட பாவனைக்கு கார் கொண்டு வர திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில, அதுவும் இப்ப இருக்கிற வரிக்கு ஒரு வாத்தியாரால புது கார் ஷோரூம் கண்ணாடியில மொகத்த பாத்துட்டு வரத்தான் முடியும். அதனால நம்ம ஊர்ல ஓடுறதெல்லாம் பழைய வண்டிதான். ஆனா பழசுங்கிறதுக்காக என் கார் நிக்கல ஐயா, ஆயிரத்து சொச்ச ரூவா பெறுமதியான ஒரு ஓயில் ஃபில்டர்ல இருந்த ரப்பர் வளையத்தாலதான் நின்னுச்சு. கொண்டு வந்து மூணு நாள் ஆன புது காரா இருந்திருந்தாலும் அன்னிக்கு நின்னுதான் இருக்கும்.

நடந்தத சொல்றேன். பதுளையில மாமா மகளுக்கு கல்யாணம். காலையில 9 மணிக்கு மேல முகூர்த்தம், நாங்க விடிய 4 மணிக்கெல்லாம் கெளம்பிட்டோம், நானும் மிஸ்ஸஸும் அம்மாவும் சின்ன மகளும். தூர பயணம்னு நாலு நாளைக்கு முந்தியே ஒரு எடத்துல சேர்விஸ் பண்ணினேன், ஓயில் மாத்தி ஃபில்டர் மாத்தி கழுவி எல்லாம். எந்த எடம்னு சொல்லப் போறதில்ல, ஊர் பேர கூட சொல்லல, காரணம் கடைசியில வரும். நோர்வூட், ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா எல்லாம் நல்லாதான் வந்துச்சு. நுவரெலியா டவுன்ல மிஸ்ட் மூடிக்கிட்டு கை வெறைக்கிற குளிர், அங்க ஒரு கடையில அரை மணித்தியாலம் நிறுத்தி பிளேன்டீ குடிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணி பொறப்பட்டோம். அம்மா சீதா எலிய அம்மன் கோயில்ல ஒரு கற்பூரம் கொளுத்திட்டு போகலாம்னாங்க, சரின்னு நிறுத்தினேன்.

இங்கதான் என் முட்டாள்தனம். சாமி கும்புட்டுட்டு வந்து கார எடுக்கிறப்ப முன்பக்கம் கீழ கருப்பா உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. மகள்தான் காட்டுனா, "அப்பா இங்க பாருங்க எண்ணெ"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, இது நமக்கு முந்தி நின்ன வேன்காரனோடது, ஏறும்மான்னு. குனிஞ்சு பாக்க எனக்கு வெள்ளை வேட்டி தடையா இருந்துச்சு. புது ஓயில் தேன் நெறத்துலதான் இருக்கும், இது கருப்பா இருக்கேன்னு வேற ஒரு கெட்டிக்காரத்தனமான யோசனை. தார் ரோட்டுல விழுந்தா தேனும் கருப்பாத்தான் தெரியும்னு பொறகுதான் வெளங்குச்சு.

ஹக்கல தோட்டம் தாண்டி கெப்பெட்டிபொல பக்கம் எறக்கம். அந்த ரோட்ட தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் படி படியா கெரட்டும் லீக்ஸும் உருளக்கெழங்கும். ரெண்டாவது வளைவோ மூணாவது வளைவோ, டேஷ்போட்ல சிவப்பு லைட் ஒன்னு மினுக்குனு பத்தி அணைஞ்சுச்சு. எண்ணெ ஊத்துற சின்ன கெண்டி மாதிரி ஒரு படம் இருக்குமே அதுதான். நேர் ரோட்டுக்கு வந்ததும் இல்ல. அடுத்த வளைவுல திரும்பவும். நான் வயர் லூஸா இருக்கும்னு நெனச்சேன். மிஸ்ஸஸ் "என்னமோ தீயிற வாசம் வருதே"ன்னாங்க, அது லொறிக்காரன் பிரேக்குன்னு அதுக்கும் ஒரு பதில் சொன்னேன். பதில் சொல்றதுல வாத்தியார அடிக்க ஆள் கெடையாது. இன்னும் ரெண்டு வளைவு போனதும் லைட் அணையவே இல்ல, என்ஜின்ல இருந்து தையல் மெஷின் ஓடுற மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம், அப்பத்தான் உடம்பெல்லாம் வேர்த்து ஓரங்கட்டி சாவிய திருப்பினேன்.

அந்த லைட்ட பத்தி நெறைய பேருக்கு தெரியாத ஒன்னு இருக்கு, எனக்கும் தெரியாம இருந்துச்சு. அது ஓயில் அளவ காட்டுற லைட் இல்ல, ஓயில் பிரஷர காட்டுறது. ஓயில் கொறைய ஆரம்பிச்சதும் லைட் எரியாது. சம்ப்ல, அதாவது என்ஜினுக்கு அடியில ஓயில் தேங்கி நிக்கிற சட்டியில, இருக்கிற ஓயில் அடிமட்டத்துக்கு போயி, பம்ப் ஓயிலுக்கு பதிலா காத்த உறிஞ்ச ஆரம்பிச்ச பொறகுதான் பத்தும். வளைவுல திரும்பறப்பவும் எறக்கத்துல பிரேக் புடிக்கிறப்பவும் மிச்சம் மீதி இருக்கிற ஓயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும், உறிஞ்சுற குழாய் வெறும் வாயோட நிக்கும், அந்த செக்கன்ல லைட் மினுக்கும். ஒரு கிளாஸ்ல கால்வாசி தண்ணி ஊத்தி சாய்ச்சு பாருங்க வெளங்கும். அதனால மலை ரோட்டுல வளைவுல மட்டும் மினுக்குற லைட்டுன்னா அது வயர் லூஸ் இல்ல ஐயா, கடைசி எச்சரிக்கை. நேர் ரோட்டுல ஓடுற கொழும்புக்காரனுக்கு அந்த எச்சரிக்கை கூட கெடைக்காது, ஒரே அடியா பத்தும். நமக்கு வளைவு முன்கூட்டியே சொல்லிக் குடுக்குது, நாமதான் கேக்கிறதில்ல.

அது பத்தின பொறகு ஓடுற ஒவ்வொரு நிமிசமும் காசு. உள்ள கிரேங்க்ங்கிற சுத்துற தண்டும் அத தாங்குற பெயாரிங்கும் ஒன்னோட ஒன்னு தொட்டுக்கிட்டு ஓடறதில்ல, நடுவுல ஒரு மெல்லிய ஓயில் படலம் இருக்கு, அதுமேலதான் மெதந்து சுத்துது. அந்த படலம் போச்சுன்னா இரும்போட இரும்பு. சூடேறி, சுரண்டி, கடைசியில என்ஜின் அப்படியே புடிச்சுக்கும். ஒரு கேன் ஓயிலோட முடிய வேண்டிய கதை என்ஜின் எறக்கி கிரேங்க் அரைக்கிற கதையாயிரும். "கெப்பெட்டிபொல டவுன் இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவா ஓட்டிட்டு போயிரலாம்"னு எனக்கும் தோணுச்சு. அத விட மோசமான யோசனை ஒன்னும் வந்துச்சு. எறக்கம்தானே, என்ஜின ஓஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டிட்டே போயிரலாமேன்னு. தயவு செஞ்சு யாரும் அத செய்யாதீங்க. என்ஜின் ஓடலன்னா பிரேக்குக்கு பலம் குடுக்கிற வெக்குவம் இல்ல, ரெண்டு மூணு தடவ மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் கனத்துரும், சாவிய உருவிட்டா ஸ்டியரிங் லொக்கே ஆயிரும். ஹக்கல எறக்கத்துல அப்படி உருட்டிட்டு போனா கார் நிக்கிற எடம் ரோட்டுல இருக்காது, லீக்ஸ் பாத்தியில இருக்கும்.

அங்க ஒதுக்கி நிறுத்த எடமே இல்ல. எடம் இருந்த ஒன்னு ரெண்டு அகலத்துலயும் மரக்கறி தட்டி போட்டிருக்காங்க, அவங்களையும் குத்தம் சொல்ல ஏலாது, பொழப்பு. டயருக்கு கல்லு வச்சேன், ஹசார்ட் லைட்ட போட்டேன், நம்ம நாட்டு வழக்கப்படி கிளைய ஒடிச்சு வளைவுக்கு முந்தியே தெரியிற மாதிரி போட்டேன். மிஸ்ஸஸையும் அம்மாவையும் மகளையும் கார்ல இருந்து எறக்கி மேட்டுப் பக்கம் நிக்க வச்சேன், பின்னால எவனாவது வந்து அடிச்சா கார்க்குள்ள யாரும் இருக்கக்கூடாதுல்ல. பக்கத்து தோட்டத்துல கெரட் புடுங்கிக்கிட்டு இருந்த ஒரு சிங்கள அக்கா இவங்கள பாத்துட்டு அம்மாவ கையபுடிச்சு தன் வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. அம்மாவுக்கு சிங்களம் அரைகுறை, அவங்களுக்கு தமிழ் சுத்தமா தெரியாது, ஆனா ஒரு மணித்தியாலம் கழிச்சு நான் போனப்ப ரெண்டு பேரும் இஞ்சி போட்ட பிளேன்டீய வச்சுக்கிட்டு மருமகளுங்கள பத்தி கதைச்சுக்கிட்டு இருந்தாங்க. எந்த பாசையிலன்னு கேக்காதீங்க.

நான் பொன்னட்ட தெறந்து ஓயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்க இழுத்து பாத்தேன், நுனியில கூட ஒன்னும் ஒட்டல. ஆனா எறக்கத்துல நிக்கிற கார்ல டிப்ஸ்டிக் உண்மைய சொல்லாது, சமதரையில நிறுத்தி அஞ்சு பத்து நிமிசம் விட்டு ஓயில் கீழ எறங்கின பொறகு பாத்தாத்தான் சரியான அளவு. நம்ம பக்கம் சமதரைக்கு எங்க போறது, எங்க வீட்டு வாசலே சரிவு. அதனால நான் எப்பவுமே பாடசாலை மைதானத்து ஓரத்துல நிறுத்தித்தான் பாக்கிறது. பாக்கிறதுன்னா, பாக்கணும்னு நெனைக்கிறது.

அப்ப மேல நுவரெலியா பக்கம் இருந்து ஒரு மரக்கறி லொறி வந்து தானா நின்னுச்சு. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு போற லொறி. சாரத்த மடிச்சு கட்டின ஒரு அம்பது வயசு ஆள் எறங்கி வந்து "மொகத உனே மல்லி"ன்னாரு, என்ன ஆச்சு தம்பின்னு. நான் லைட்ட காட்டுறேன்னு சாவிய திருப்ப போனேன், மனுசன் கத்திட்டாரு, "ஸ்டார்ட் கரன்ன எபா!"ன்னு, ஸ்டார்ட் பண்ணாதன்னு. ஏன்னு பொறகுதான் சொன்னாரு, இருக்கிற கொஞ்ச நஞ்ச ஓயிலையும் பம்ப் வெளிய தள்ளிரும், அதோட வெளிய வர்றது சூடான சைலன்சர் பைப்புல பட்டா பொகையும், சில நேரம் தீயும் புடிக்கும்னு. அந்த தீஞ்ச வாசம் அதுதான். அவர நான் கடைசி வரைக்கும் அய்யேன்னுதான், அண்ணேன்னுதான் கூப்புட்டேன், பேர் கேக்க தோணவே இல்ல, வெக்கமா இருக்கு இப்ப.

அடுத்தது ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்க வேண்டிய எடம் ஐயா. அவர் மொதல்ல கேட்டது "பத்தரே எக்கக் தியெனவத"ன்னு, பேப்பர் இருக்கான்னு. பின் சீட்ல ஞாயித்துக்கெழம பேப்பர் இருந்துச்சு, ஒங்களோடதுதான். அத விரிச்சு கார்க்கு அடியில என்ஜினுக்கு நேரா போட்டாரு. எங்க சொட்டுதுன்னு பாக்கவாம். ஓயில் லீக்ல பெரிய சிக்கலே எங்க இருந்து வருதுங்கிறதுதான், ஏன்னா ஓடுற வேகத்துல காத்து அத என்ஜின் அடி முழுக்க பூசி விட்டிரும், எல்லா எடமும் ஈரமாத்தான் இருக்கும். பழைய துணியால தொடச்சு விட்டுட்டு கொஞ்ச நேரம் பேப்பர்ல சொட்டு விழுற எடத்த பாத்து, அதுக்கு நேர் மேல தடவிக்கிட்டே போனா ஆகக் கூடிய ஒசரத்துல ஈரமா இருக்கிற எடம்தான் ஊத்து. மேல டெப்பட் கவர் பெக்கிங்கா இருக்கலாம், கிரேங்க் ஓயில் சீலா இருக்கலாம், இதெல்லாம் பொதுவா மெதுவாத்தான் கசியும், மாசக்கணக்குல தாங்கும். திடீர்னு இப்படி கொட்டுதுன்னா மூணே எடம்தானாம், ஓயில வடிக்க கழட்டுற சம்ப் நட், சம்ப்ல கல்லடி, இல்லாட்டி ஃபில்டர். எனக்கு ஃபில்டருக்கு நேர்.

சாக்க விரிச்சு படுத்துக்கிட்டு, ஜாக் அடிக்கவே இல்ல, எறக்கத்துல ஜாக் போட்டுட்டு அடியில படுக்கிறவன் பெண்சாதிக்கிட்ட சொல்லிட்டு படுக்கணும்னாரு, சூடு ஆறுற வரைக்கும் இருந்துட்டு துணிய சுத்தி ஃபில்டர கையாலயே திருகி கழட்டிட்டாரு. கழட்டி என் கையில குடுத்துட்டு சிரிச்சாரு. ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் வளையம், அது பிதுங்கி ஒரு பக்கம் வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு. அடுத்து என்ஜின் பக்கம் வெரல விட்டு இன்னொரு வளையத்த உரிச்சு எடுத்தாரு, கருகி தட்டையா காஞ்ச அப்பளம் மாதிரி. அது பழைய ஃபில்டரோட வளையம்! சேர்விஸ்ல பழைய ஃபில்டர கழட்டினப்ப ரப்பர் என்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுருச்சு, பாக்காம அதுமேலயே புது ஃபில்டர வளையத்தோட பூட்டிட்டாங்க. ரப்பர் மேல ரப்பர். பூட்டினப்ப இறுக்கமாத்தான் இருக்கும், சொட்டாது, ஊருக்குள்ள மூணு நாள் ஓடினேன் ஒன்னும் தெரியல. ஆனா குளிர்ல ஓயில் கெட்டியா இருக்கும், ஸ்டார்ட் பண்ணினதும் பிரஷர் எகிறும், நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், விடியகாலை குளிர், அங்கதான் வளையம் வழுக்கியிருக்கணும். சீதா எலியவுல சொட்டா இருந்தது ஹக்கல தாண்டறப்ப ஒழுக்கா மாறியிருக்கு.

புது ஃபில்டருக்கும் ஓயிலுக்கும் அவர் லொறியிலயே கெப்பெட்டிபொலைக்கு போயி வாங்கிட்டு த்ரீவீல்ல திரும்பி வந்தேன், 4 லீட்டர் கேன் பத்தாயிரத்த தாண்டிருச்சு. என் காருக்கு 5டபிள்யூ-30 ஊத்தணும், கடையில 15டபிள்யூ-40தான் இருந்துச்சு, தடிச்சது. அதனால என்ன, அவசரத்துக்கு தப்பான நம்பர் ஓயில் ஓயில் இல்லாம ஓடுறத விட ஆயிரம் மடங்கு மேல், வீட்டுக்கு வந்து மாத்திக்கலாம். அந்த மனுசன் சாமான எறக்கிட்டு காலி லொறியோட மேல திரும்பி வர்றப்ப திரும்பவும் நிறுத்தி தானே பூட்டியும் குடுத்தாரு. என்ஜின் பக்கத்த துணியால சுத்தமா தொடச்சு, புது வளையத்துல வெரலால கொஞ்சம் ஓயில் தடவி, கையால சுத்தி வளையம் தொட்ட எடத்துல இருந்து இன்னும் முக்கால் சுத்து, அவ்வளவுதான், ஸ்பேனர் போட்டு இறுக்க கூடாதாம். இந்த என்ஜினுக்கு ஃபில்டரோட சேர்த்து 3.7 லீட்டர் புடிக்கும், நாங்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி டிப்ஸ்டிக்க பாத்து பாத்து 3 லீட்டருக்கு மேல ஊத்தினோம். கணக்கு வாத்தியார்னா கழிச்சு பாக்காம இருப்பானா, ஃபில்டர கழட்டினப்ப உள்ள மிஞ்சி இருந்தது முக்கால் லீட்டர் கூட இல்ல. ஸ்டார்ட் பண்ணி லைட் அணைஞ்சுச்சு, டிக் டிக் சத்தமும் ஒரு நிமிசத்துல போயிருச்சு. அஞ்சு நிமிசம் ஓட விட்டு பேப்பர்ல சொட்டு விழுதான்னு பாத்து, கெப்பெட்டிபொலையில ஒருக்கா வெலிமடையில ஒருக்கா நிறுத்தி குனிஞ்சு பாத்து, வேட்டி என்னவானாலும் பரவாயில்லன்னு, பதுளைக்கு போறப்ப தாலி கட்டி முடிஞ்சு ரெண்டாம் பந்தி நடந்துச்சு. என் வேட்டிய பாத்து மாமா ஒன்னும் கேக்கல. அவரும் கார் வச்சிருக்காரு.

சல்லின்னு ஒரு அஞ்சாயிரம் நீட்டினேன், வாங்கல. ஒரே ஒரு வேலை சொன்னாரு, ரோட்டுல கொட்டின ஓயில் மேல மண்ண அள்ளி போடுன்னு. மோட்டார்சைக்கிள்காரன் விழுவான், மழை பேஞ்சா இன்னும் மோசம்னு. நானும் த்ரீவீல் தம்பியும் கையால வாரி வாரி போட்டோம். ஒங்களுக்கு எழுதின அந்த வாசகர் அபராதம் கேட்டாரே, கார் நின்னதுக்கு வேணாம், இதுக்கு போடுங்க: ஓயில கொட்டிட்டு மண்ணு போடாம போறவனுக்கும், டயருக்கு வச்ச கல்ல ரோட்டு நடுவுல அப்படியே விட்டுட்டு போறவனுக்கும். எத்தன ராத்திரி அந்த மாதிரி கல்லுல ஏறி சைக்கிள்காரங்க விழுந்து நான் பாத்திருக்கேன். கிளையும் அப்படித்தான், வாகனம் போயி ரெண்டு நாள் ஆனாலும் கிளை கெடக்கும், அப்பறம் உண்மையா வாகனம் நிக்கிறப்ப கிளைய பாத்தா யாரும் வேகத்த கொறைக்கிறதில்ல.

தோட்டத்து ரோட்டுல ஓடுறவங்களுக்கு இன்னொரு விசயம். நம்ம ரோட்டுல பொடச்சுக்கிட்டு நிக்கிற கல்லு சம்ப்ல அடிச்சு கீறல் விழுறது சாதாரணம். அதுக்கு காஞ்ச பார் சோப்ப தேச்சு அடைச்சு ஓட்டினதா பழைய லொறிக்காரங்க சொல்லுவாங்க, சூடான ஓயிலுக்கு அது எவ்வளவு தூரம் நிக்கும்னு எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. ஹாட்வெயார் கடையில விக்கிற ரெண்டு களியா பெசஞ்சு ஒட்டுற பேஸ்ட் இருக்கே, ஓயில் பசை சுத்தமா போற மாதிரி பெட்ரோல் துணியால தொடச்சு காயவிட்டு ஒட்டினா கராஜ் வரைக்கும் தாங்கும். சம்ப் நட்டுல கசிஞ்சா பெரும்பாலும் தேஞ்ச வொஷர்தான், சில்லறை சாமான், ஆனா பழசையே திரும்ப திரும்ப போடுவாங்க. சொட்டு சொட்டா விழுந்தா மேல ஊத்திக்கிட்டு இருபது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தி பாத்து பாத்து போகலாம். நூலா ஒழுகுதுன்னா ஓட்டாதீங்க, எவ்வளவு ஊத்தினாலும் ரோட்டுக்குத்தான் போகும். கார ஏத்திட்டு போற கெரியர் வண்டிய கூப்புடுங்க. ஃபுல் இன்சூரன்ஸ் வச்சிருந்தா கார்டுல உள்ள நம்பருக்கு எடுத்து கேட்டு பாருங்க, சில கம்பனி அந்த செலவ குடுக்கும். என்னைய மாதிரி தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கிறவனுக்கு மரக்கறி லொறிதான். டிக்கியில ஒரு லீட்டர் ஓயில், ஒரு சாக்கு, பழைய துணி, பழைய பேப்பர் வச்சுக்கிட்டா பாரம் ஒன்னும் கூடிறாது. கழிவு ஓயில ரோட்டோர வடிகான்ல ஊத்தாதீங்க, ஒரு போத்தல்ல புடிச்சு கொண்டு போங்க. அந்த எறக்கத்து கான் தண்ணி போயி சேர்றது கெரட் பாத்திக்கும் உமா ஓயாவுக்கும்தான்.

இனி நான் ஒங்க பத்திரிகை மூலமா கேக்க நெனைச்சது. வீதி அதிகார சபைக்கும் பிரதேச சபைகளுக்கும்: ஹக்கல எறக்கத்துலயும் ரம்பொட பக்கமும் ரெண்டு மூணு வளைவுக்கு ஒரு எடமாவது வாகனம் ஒதுங்கி நிக்கிற மாதிரி வெட்டி விடுங்க, வெட்டினத தட்டிக்கடைக்கு குடுக்காதீங்க. சேர்விஸ் நடத்துற முதலாளிமாருக்கு: கழட்டின பழைய ஃபில்டர வாளியில போடுறதுக்கு முந்தி கஸ்டமர் கையில குடுத்து ரப்பர் வளையம் அதுலயே இருக்குன்னு காட்டுங்க. பத்து செக்கன் வேலை. கார் வச்சிருக்கிறவங்களும் அந்த நேரம் உள்ள சோஃபாவுல இருந்து ஃபோன் நோண்டாம எந்திரிச்சு போயி கேட்டு வாங்கி பாருங்க. வளையம் இல்லாத ஃபில்டர் கையில வந்துச்சுன்னா அது எங்கயோ என்ஜின்ல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அந்த சேர்விஸ் எடத்து பேர ஏன் சொல்லலன்னா, அடுத்த கெழமை ரெண்டு வளையத்தையும் ஒரு ஷொப்பிங் பேக்ல போட்டுக்கிட்டு நல்லா நாலு வார்த்த கேக்கணும்னு போனேன். முதலாளி பாத்துட்டு மொகம் சிவந்து உள்ள திரும்பி யாருடா இத பூட்டினதுன்னு கத்தினாரு. கழுவுற கிடங்குல இருந்து ஏறி வந்தவன் என்கிட்ட படிச்ச பையன். சாதாரண தர பரீட்சையில கணக்கு பெயிலாகி மூணு வருசத்துக்கு முந்தி பாடசாலைய விட்டவன், கணக்கு யார் படிச்சுக் குடுத்ததுன்னு கேக்காதீங்க. என்னைய பாத்ததும் ஈரக்கைய பின்னால மறைச்சுக்கிட்டு "சேர், எனக்கு யாரும் அத பாக்கணும்னு சொல்லலையே சேர்"ன்னான். சேர்ந்த மொத நாள்ல இருந்து ஃபில்டர் மாத்துறானாம், யாரும் பக்கத்துல நின்னு காட்டினதில்லையாம், பாத்து பாத்து பழகினதாம். ஹட்டன்லயும் மத்த டவுன்லயும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, ஆனா நாள் சம்பளத்துக்கு வேலை செய்யிற பொடியன வகுப்புக்கு அனுப்பினா அன்னிக்கு சம்பளம் யார் குடுக்கிறது, முதலாளியும் குடுக்க மாட்டாரு வீட்டுலயும் விடமாட்டாங்க. பின்னேரத்துல, இல்லாட்டி ஞாயித்துக்கெழமையில ரெண்டு மணித்தியாலம், இந்த மாதிரி கிடங்குல நிக்கிற பையன்களுக்குன்னே ஒரு வகுப்பு நடத்த முடியுமான்னு பொறுப்பானவங்க யோசிக்கணும். நான் வேணும்னா எடம் குடுக்க எங்க அதிபர்கிட்ட கேட்டு பாக்கிறேன்.

முதலாளி காச திருப்பி குடுக்க வந்தாரு, ஓயில மட்டும் 5டபிள்யூ-30க்கு மாத்தி குடுங்கன்னேன். பையன்தான் மாத்தினான். பழைய ஃபில்டர கழட்டினதும், நான் கேக்காமலே, தொடச்சு என் கையில கொண்டு வந்து குடுத்தான். வளையம் அதுலயே இருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்,
பொகவந்தலாவ.

பி.கு.: கார்க்கு அடியில விரிச்சது அந்த ஞாயிறு பேப்பரோட குறுக்கெழுத்து பக்கம். பாதி போட்டு வச்சிருந்தேன், மேலிருந்து கீழ் அப்படியே ஓயில்ல ஊறிருச்சு. விடைய இன்னொருக்கா போட முடிஞ்சா நல்லம்.